அன்பே, அவரை எங்கே வைத்தோம்?

கேசோன் சிட்டி
14 பெப்ரவரி 1979

அன்புள்ள மனாங்,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் உயிரோடும் பசியோடும் இருக்கிறேன். அங்கே உன் முதுகுவலி, அம்மாவின் இரத்த அழுத்தம், ரொட்டி அடுப்பின் புகை மூன்றும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நல்ல செய்தி. பதினோரு வருடமாக மற்றவர்கள் படத்துக்கு "லைட்டைத் தள்ளு, நாற்காலியை நகர்த்து" என்று கத்திக்கொண்டிருந்த உன் தம்பி, இனி தன் படத்துக்கே கத்தப்போகிறான். இயக்கம் நான், கதையும் நான். படத்தின் பெயர்: "அன்பே, அவரை எங்கே வைத்தோம்?"

கதையைக் கேள். ஒரு சின்ன ஊரில் ஒரு ரொட்டிக்கடைக்காரி. புருஷன் குடிகாரன், முரடன். தினமும் ரொட்டி வாங்க வரும் போலீஸ்காரனுக்கும் அவளுக்கும் காதல். இரண்டு பேருமாக மாவு உருட்டும் கட்டையால் புருஷனை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. பிணத்தை அடுப்பில் ஒளித்தால் பாதிரியார் சூடான ரொட்டி கேட்டு வருகிறார். மாவு மூட்டைக்குள் ஒளித்தால் திருவிழாக் கமிட்டி அந்த மூட்டையையே நன்கொடையாகக் கேட்கிறது. கடைசியில் பின்னறையில் புதைத்து, மேலே சிமெண்டுத் தரை போட்டு, அதே தரையில் தங்கள் கல்யாணத்துக்கு ஆடுகிறார்கள். தயாரிப்பாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கய்யா புடிச்ச இதை?" என்றார். "தானா வந்துச்சு சார்" என்றேன்.

கடை மட்டும் நம் கடை. எனக்கு வேறு எந்தக் கடை தெரியும்? அதனால் சில விவரம் வேண்டும். அடுப்பு வாய் எவ்வளவு அகலம்? ரொட்டித் துடுப்பின் காம்பு என்ன நீளம்? நம் பின்னறைத் தரைக்குச் சிமெண்டு போட்டது எந்த வருடம்? அப்பா தாவாவ் தோட்டவேலைக்குக் கப்பலேறிய வருடமா, அதற்குப் பிறகா? அந்த ஈரச் சிமெண்டின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அம்மாவின் கையை என் சார்பில் நெற்றியில் வைத்து ஆசி வாங்கிக்கொள்.

உன் தம்பி,
லியோகாதியோ


சான் அகபித்தோ, இலோயிலோ
22 மார்ச் 1979

அன்புள்ள தோத்தோ,

நாங்கள் நலம். உன் இருமல் எப்படி? நீ அதைப் பற்றி எழுதவில்லை என்றால் அது இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி.

பதில் தாமதம். ஈஸ்டருக்கு முந்தைய வேலை உனக்குத் தெரியும்.

அடுப்பு வாய் இரண்டு முழம். துடுப்புக் காம்பு உன் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அடுப்பை ரெண்டாம் முறை பூசியிருக்கிறோம். பிஸ்கோச்சோ ரஸ்க் முன்னைவிட நன்றாக விற்கிறது. நாம் மாமா முறையில் கூப்பிடும் தியோ சிம்போ எப்போதும்போல நாலு மணிக்கு வருகிறார், கோப்பி குடிக்கிறார், போகிறார். ஓய்வுபெற்ற பிறகும் போலீஸ் சட்டையின் பித்தளைப் பொத்தான்களைத் துடைத்து வைத்திருக்கிறார். முழங்கால்தான் வளைவதில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ரொட்டிக்கடை வேண்டாம். தையல்கடை என்று வை. தையல்கடையிலும் சிரிக்க எவ்வளவோ இருக்கிறது. போலீஸ்காரனுக்குப் பதில் தபால்காரனை வை. அம்மாவுக்கு வயது அறுபது. தன் கடையைத் திரையில் கேலி செய்தால் மனசு தாங்காது.

யோசித்து எழுது.

உன் மனாங்,
கொன்சோர்சியா


கேசோன் சிட்டி
3 ஏப்ரல் 1979

அன்புள்ள மனாங்,

இஞ்சி குடித்தேன். இருமல் போய்விட்டது, நாக்கும் போய்விட்டது. அம்மா சுகம்தானே?

தையல்கடையா! ஊசியை வைத்துக்கொண்டு நான் யாரைச் சிரிக்க வைப்பேன்? அடுப்பு கட்டியாகிவிட்டது, நிஜச் செங்கல்லில். நீ சொன்ன இரண்டு முழம். கதாநாயகி ரொட்டி சுடப் பழகி இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டாள்.

புருஷனாக நடிப்பவர் பெரிய நாடக நடிகர். "இந்த ஆளு எப்படிப்பட்டவன்? ஒரு பழக்கமாவது குடுங்க, புடிச்சுக்கறேன்" என்று கேட்டார். எனக்கு அப்பாவைப் பற்றி எதுவும் ஞாபகமில்லை, மனாங். அப்போது ஐந்து வயது. முகம்கூட இல்லை. ஒன்றே ஒன்று: மேசையில் மோதிரம் போட்ட விரலால் தட்டுவார். டொக், டொக், டொக். மூன்றாவது தட்டலுக்குள் அம்மா வந்து நிற்க வேண்டும். அதைச் சொன்னேன். நடிகர் அதைச் செய்தபோது செட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டது. படம் நன்றாக வருகிறது என்பதற்கு அடையாளம்.

தரை எந்த வருடம் என்று கேட்டிருந்தேனே, அதற்கு நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்,
லியோகாதியோ


சான் அகபித்தோ
30 ஏப்ரல் 1979

அன்புள்ள தோத்தோ,

இங்கே வெயில் கடுமை. மற்றபடி சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

அந்த மோதிரத் தட்டலை மட்டும் எடுத்துவிடு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

தரை பழையது. வருடம் ஞாபகமில்லை.

கொன்சோர்சியா


கேசோன் சிட்டி
25 ஜூன் 1979

அன்புள்ள மனாங்,

மழை தொடங்கிவிட்டதே, அடுப்பறை ஒழுகுகிறதா? அம்மா நனையாமல் பார்த்துக்கொள். நான் நலம் என்பதைவிட மேலாக இருக்கிறேன்.

படம் வெளிவந்து பத்து நாள். முதல் காட்சிக்கு நான் கடைசி வரிசையில் பாதி எழுந்த நிலையில் உட்கார்ந்திருந்தேன், ஓடுவதற்கு வசதியாக. பாதிரியார் அடுப்பருகே வந்து மூக்கை உறிஞ்சி, "இன்னைக்கு ரொட்டி வாசனை வேற மாதிரி இருக்கே, மகளே" என்கிற இடத்தில் கொட்டகை இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. பக்கத்தில் ஒரு கிழவர் தன் மனைவியைப் பார்த்து, "வீட்டுக்குப் போய் அந்த உருட்டுக் கட்டைய ஒளிச்சு வெச்சிடு" என்றார்.

பத்திரிகைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. ஒருவர் எழுதுகிறார்: "பிணத்தை வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டும் ஈவிரக்கமற்ற இளைஞன்." இன்னொருவர்: "காதலையும் கொலையையும் ஒரே மாவில் பிசைந்திருக்கிறார்." ஒரு பிஷப் பூசையில் திட்டினார். மறுநாள் வரிசை இரண்டு மடங்கு நீளம்.

தணிக்கைக்காரர்கள்தான் படுத்தினார்கள். கொலைகாரர்கள் கல்யாணத்தில் ஆடுவதோடு படம் முடியக்கூடாதாம், தண்டனை வேண்டுமாம். அதனால் கடைசியில் ஓர் எழுத்துப் பலகை காட்டுகிறோம்: "சில காலம் கழித்து அந்தப் போலீஸ்காரன் மனம் வருந்தி, பழி முழுவதையும் தானே ஏற்றுச் சரணடைந்தான்." அதற்குத்தான் ஜனங்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

ஆகஸ்டில் இலோயிலோ நகரத்துக்கு வருகிறது. மோதிரத் தட்டலை எடுக்க முடியவில்லை, மன்னித்துக்கொள். அதை எல்லோரும் வீதியில் செய்து காட்டுகிறார்கள்.

நீ ஏன் எழுதுவதில்லை?

உன் வெற்றிகரமான தம்பி,
லியோகாதியோ


சான் அகபித்தோ
27 ஆகஸ்ட் 1979

அன்புள்ள தோத்தோ,

உன் உடம்பு சுகம்தானே. அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

உன் படத்துக்கு ஊரே ஜீப்னி வண்டி பிடித்துப் போய் வந்தது. நம் ஊர்ப் பிள்ளை எடுத்த படம் என்று பாதிரியாரே போனார். இப்போது கடைக்கு வருகிறவர்கள் ரொட்டி கேட்பதில்லை. மேசையில் மூன்று தட்டு தட்டுகிறார்கள். "தியோபிஸ்தா, அவரை எங்க வெச்சீங்க? அடுப்புலயா, மூட்டையிலயா?" என்று இறைச்சிக்கடை நென்சியா கேட்டாள். அம்மா ரொட்டியைப் பொட்டலம் கட்டியபடியே, "உன் பொட்டலத்துலதான், பாத்துக் கடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அந்தப் பொட்டலத்துக்கு மூன்று தரம் முடிச்சுப் போட்டதை நான் மட்டும் பார்த்தேன்.

போக வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "என் புள்ள எடுத்தத நான் பாக்க வேணாமா?" என்றாள். தியோ சிம்போவும் வந்தார், பித்தளைப் பொத்தான் சட்டையோடு. மூன்று பேரும் கோயிலுக்குப் போகிற மாதிரி நேராக உட்கார்ந்திருந்தோம். எங்களைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். திரையில் மோதிரம் தட்டியபோது அம்மா பாதி எழுந்துவிட்டாள், தோத்தோ. இருபத்து நாலு வருடம் கழித்து, இருட்டில், கூப்பிட்டவரிடம் போவதற்கு எழுந்தாள். நான் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கடைசியில் எழுத்துப் பலகை வந்தபோது தியோ சிம்போ, "கண்ணு தெரியல, என்ன போட்டிருக்கான், படி" என்றார். படித்தேன். "இன்னொரு தரம் படி" என்றார். அதற்குள் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

ஜீப்னியில் திரும்பினோம். ஊர் எல்லையில் அம்மா சொன்னாள்: "கடைசியில ரெண்டு பேரும் ஆடறாங்களே. அது மட்டும் தப்பு."

மறுநாள் நாலு மணிக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

கொன்சோர்சியா


கேசோன் சிட்டி
5 செப்டம்பர் 1979

மனாங்,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துவிடு.

"அது மட்டும் தப்பு" என்றால் மற்றது?

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. இப்போது ஒவ்வொன்றாக வருகிறது. புயல் மழை. பகல்தான், ஆனால் விளக்கு வைத்திருந்தது. யாரோ என்னை முன்கடையில் மாவு மூட்டைமேல் உட்கார வைத்து, "கண்ணாடில வழியற மழைத்துளிய எண்ணு தோத்தோ, நூறு வந்ததும் கூப்பிடு" என்கிறார். எனக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. திரும்பத் திரும்ப இருபது வரை எண்ணினேன். அவர் சட்டையில் பித்தளைப் பொத்தான் இருந்தது.

கனவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். படத்தில்கூட வைத்தேன், ஒரு குழந்தை மூட்டைமேல் உட்கார்ந்து எண்ணுகிறது. அந்த இடத்துக்கும் சிரிக்கிறார்கள்.

அப்பா தாவாவுக்குப் போனாரா? நேராக எழுது.

லியோகாதியோ


சான் அகபித்தோ
3 அக்டோபர் 1979

அன்புள்ள தோத்தோ,

உன் கடிதம் வந்து மூன்று வாரம். எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழுந்துபோனேன். அதற்குள் நீ பத்திரிகையில் படித்திருப்பாய். தியோ சிம்போ காவல் நிலையத்துக்குப் போய், நம் அப்பா அனக்லெத்தோவைக் கொன்று புதைத்தது தானே என்றும், தனியாகத்தான் செய்ததாகவும் சொல்லிவிட்டார். வேலை பார்த்த அதே நிலையம். அங்கிருந்த பையன்கள் முதலில் சிரித்தார்களாம். "தியோ, நீங்களும் படம் பாத்தாச்சா?" பிறகு கடப்பாரையோடு வந்தார்கள். பின்னறைத் தரையை உடைத்தார்கள். தெருவே கூடி நின்றது. எலும்பு தெரிந்ததும்தான் சிரிப்பு நின்றது. விரலில் மோதிரம் அப்படியே இருந்தது.

இனி உனக்கு மறைத்து என்ன?

அப்பா எங்கும் போகவில்லை. 1955, அக்டோபர் புயல். மதியம் கடை மூடியிருந்தது. அவர் மூன்று தரம் தட்டினார். அம்மா அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்ததால் வர முடியவில்லை. எழுந்து போனவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து அடுப்பு வாய்க்குள் தள்ளினார். அம்மா கத்தவில்லை, நீ முன்கடையில் தூங்கிக்கொண்டிருந்தாய். அம்மாவின் இடது கையில் நீ சின்ன வயதில் தடவி விளையாடுவாயே, அந்தச் சுருங்கிய தோல், அது கொதிநீர் பட்டது இல்லை.

தராசில் ஐந்து கிலோ எடைக்கல் இருந்தது. எனக்குப் பதினாலு வயது. ஒரு தரம்தான் அடித்தேன்.

அந்த மழையில் ரொட்டி வாங்க வந்து கதவைத் தட்டியவர் சிம்போ. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். எடைக்கல்லை என் கையிலிருந்து வாங்கினார். "இது உன் கையில இல்லவே இல்ல. புரியுதா? நீ பள்ளிக்கூடத்துல இருந்த" என்றார். அதற்குள் நீ எழுந்துவிட்டாய். உன்னை மூட்டைமேல் உட்கார வைத்தார். மிச்சம் உனக்குத் தெரியும். நீயே படமாக எடுத்திருக்கிறாய்.

அவருக்கு அம்மாமேல் பிரியம் இருந்தது, நிஜம். அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அவர் அம்மாவின் விரல்நுனியைக்கூடத் தொட்டதில்லை. தினமும் நாலு மணிக்கு வந்து, யாராவது ஏதாவது கேட்டார்களா என்று கண்ணாலேயே கேட்பார். இல்லை என்று அம்மா தலையாட்டுவாள். கோப்பி ஆறும். இரண்டு பேருக்கும் காலடியில் ஒரு ஆள் படுத்திருக்கும்போது எங்கே ஆடுவது? அதைத்தான் அம்மா சொன்னாள்.

சிறைக்குப் போய் அவரைப் பார்த்தேன். "நான் உண்மைய சொல்லப் போறேன்" என்றேன். அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "வாயத் தொறந்தே, நான் காத்து வெச்ச இருபத்து நாலு வருஷமும் குப்பையாப் போயிடும். அந்தப் படத்துலயே போலீஸ்காரன்தானே சரணடையறான்? நீயே படிச்சுக் காட்டினியே. வீட்டுக்குப் போ" என்றார்.

உன் மீது எனக்குக் கோபம் இல்லை. குழந்தையின் கண்ணை மூடினோம், மூக்கை மூட மறந்துவிட்டோம்.

கொன்சோர்சியா


கேசோன் சிட்டி
13 அக்டோபர் 1979

அன்புள்ள மனாங்,

நீ சாப்பிடுகிறாயா? அம்மா தூங்குகிறாளா? எனக்கு இரண்டும் இல்லை.

நேற்று மறுபடி கொட்டகைக்குப் போனேன். கூட்டம் இன்னும் குறையவில்லை. கூடியிருக்கிறது. தயாரிப்பாளர் சுவரொட்டிகளில் "இது உண்மைக் கதை!" என்று சிவப்பில் அச்சடித்துவிட்டார். நிறுத்துங்கள் என்று காலைப் பிடித்தேன். "உன் அப்பாவா அது? அய்யோ தம்பி" என்று கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்துவிட்டு, "பேட்டி ஒண்ணு குடேன்" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். மோதிரம் தட்டுகிறது, சிரிப்பு. கட்டை விழுகிறது, சிரிப்பு. நீ அங்கே நிற்கிறாய் என்று தோன்றியது, மனாங். நான் எடுத்த எந்தப் படச்சட்டத்திலும் நீ இல்லை. கதையில் ஒரு மகளை வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காட்சியிலும் திரைக்குச் சற்று வெளியே, பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாய். சிரிக்கிற எவனுக்கும் நீ தெரியவில்லை.

சொல்லிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். கிழவர் சொன்னபடி இருந்துவிடு. நான் அங்கே வந்தால் நிருபர்கள் பின்னாலேயே வருவார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு மட்டும் நிஜத்தைச் சொல்கிறேன்: அந்தத் தரையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

உன் தம்பி


சான் அகபித்தோ
9 நவம்பர் 1979

அன்புள்ள தோத்தோ,

அம்மா தூங்குகிறாள். நான் சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

ஆத்துமாக்கள் திருநாளன்று அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். முதல் தடவையாக நமக்கும் மெழுகுவத்தி வைக்க ஓர் இடம். அம்மா ஒன்று ஏற்றினாள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றவில்லை.

நீ கெஞ்சியிருந்தாய். என்னால் முடியவில்லை. திங்கட்கிழமை இலோயிலோவுக்குப் போய் அரசு வக்கீலைப் பார்த்தேன். உன் வயதுதான் இருக்கும். நாற்காலி கொடுத்தார். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் பேனாவைத் திறக்கவே இல்லை.

"அம்மணி, இந்த மாசத்துல நீங்க அஞ்சாவது ஆளு" என்றார். "ஒருத்தி கனவுல எல்லாத்தையும் பாத்தாளாம். போன வாரம் ஒருத்தர் வந்து, நான்தான் அந்தச் செத்துப்போன புருஷன், தாவாவ்லேர்ந்து திரும்பி வந்துட்டேன்னார். அவருக்கும் கோப்பி குடுத்துத்தான் அனுப்பினோம்."

"நான் அவரோட மகள்" என்றேன்.

"தெரியும். அந்தப் பெரியவர் உங்களைத் தூக்கி வளத்தவர் மாதிரி. பாசம் இருக்கும். ஆனா அவர் மாவு உருட்டற கட்டைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். உங்க தம்பி படத்துலயும் கட்டைதான். நீங்க மட்டும் எடைக்கல்லுங்கறீங்க. உங்க அம்மாவே வந்து, மகள் பள்ளிக்கூடத்துல இருந்தான்னு சொல்லிட்டாங்க."

"புயல் அன்னைக்கு ஏதுங்க பள்ளிக்கூடம்?" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "படத்துல இல்லாத ஆள எல்லாம் நான் எங்க கொண்டுபோய்ச் சேர்க்கறது? வீட்டுக்குப் போங்க, அம்மணி."

வெளியே பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது கதவைத் திறந்து, "ஏய், இங்க வா" என்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. குமாஸ்தா வந்து மூடப்போகிறோம் என்றான்.

ஜீப்னியில் ஏறி ஊருக்கு வந்தேன். அம்மா வாசலில் நின்றாள். "நம்பினாங்களா?" என்றாள். இல்லை என்றேன். அப்படியே தரையில் மண்டியிட்டு நன்றி செபம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், அதில் சேர்ந்துகொள்ள முடியாமல்.

நீ வா, தோத்தோ. பின்னறைத் தரையை மண் போட்டு மூடியாயிற்று, பயப்படாதே. எனக்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அம்மாவும் தியோ சிம்போவும் அது நான் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டார்கள். செய்தது நான்தான் என்று நம்புகிற ஒரு மனிதன் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

உன் மனாங்,
கொன்சோர்சியா